நெருப்பு மூட்ட வந்த வெள்ளைக்காரன்

அந்த ஆளின் பெயர் எனக்குத் தெரியாது. சின்னவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீமையில் சின்னவர் படிக்கப் போன கல்லூரியில் ஒவ்வொரு மாடிப்படிக்கும் ஒரு வேலைக்காரன் உண்டு. அந்தப் படியில் ஏறினால் வருகிற எட்டு அறைகளும் அவன் பொறுப்பு. அதனால் படிக்கட்டுக்காரன் என்றே மனசுக்குள் வைத்துக்கொண்டேன். சின்னவர் அவனை "அவரு" என்பார். நான் அவன் என்றுதான் எழுதுகிறேன்.

வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. கரி வாளி தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப்போயிருந்தது. நடந்தால் சத்தம் வராது. எல்லாவற்றையும் பார்ப்பான். எதையும் கேட்கமாட்டான். கேட்காமலேயே செய்துவைப்பான். அவனிடம் நான் கண்டது அந்த ஒரு குணம்தான். எனக்கு ஆகாமல் போனதும் அதுதான். ஏனென்றால் அது என்னுடைய வேலை.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. இலங்கையில் யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலைக்குப் போகிற பாதையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே நான் புகைவீட்டில் நெருப்புக்காரன். உறைந்த ரப்பர் பாலை உருளையில் கொடுத்துத் தகடாக்கிக் கம்பில் தொங்கவிடுவார்கள். கீழே நான் நெருப்பு வைப்பேன். தீ எழும்பக்கூடாது. புகை மட்டும் வரவேண்டும். தீ எழும்பினால் சரக்கு கெட்டது. பச்சை விறகைப் போட்டு, சாம்பலால் மூடி, துவாரத்தை அடைத்து, புகையை உள்ளேயே நிறுத்தத் தெரிந்தவன் அந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்.

பெரிய கங்காணிக்கு நாலு பெண்களுக்குப் பிறகு ஒரு மகன். அவர்தான் சின்னவர். நடக்கப் பழகின நாளிலிருந்து என் பொறுப்பில் வளர்ந்தார். மழைக்குள் ஓடிவந்தால் காலில் எத்தனை அட்டை கடித்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நனைந்த சட்டையைப் புகைவீட்டு வாசலில் காயவைப்பேன். தண்ணீர் என்று வாய் திறக்கும் முன் செம்பு கையில் இருக்கும்.

"மாரிண்ணே, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

எனக்கு அது போதும்.

ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம். பெரிய கங்காணி மகனைக் கொழும்பில் படிக்கவைத்தார். பிறகு சீமைக்கு அனுப்பினார். குளிரில் தனியாகக் கிடப்பானே என்று என்னையும் கூட அனுப்பினார். கப்பல் ஏறும் முன் என்னை ஓரமாக அழைத்தார்.

"டேய் மாரி, அவன் போன்னு சொல்ற வரைக்கும் நீ இங்க வரப்படாது. அவன் போன்னு சொல்லிட்டா அப்பறம் ஒரு நாளும் அங்க நிக்கப்படாது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க."

போ என்று சின்னவர் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் ரயிலை விட்டு இறங்கியபோது மழை. நம் ஊர் மழை மாதிரி கொட்டவில்லை. மேலே ஒட்டிக்கொண்டது. ஆளுக்கொரு குடை இருந்தது. தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரை எதிரே வந்தால் குடையை மடக்கிவிட்டு, பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்கவேண்டும். பிறந்தது முதல் பழக்கம். இந்தத் தெருவில் எதிரே வருகிறவன் எல்லாம் தொரை. நான் குடையை மடக்கினேன். இறங்கினேன். ஏறினேன். மறுபடி இறங்கினேன். பால் வண்டிக்காரனுக்கும் இறங்கினேன்.

"மாரிண்ணே, நீ இப்படி எறங்கி எறங்கி ஏறினா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்," என்று சின்னவர் சிரித்தார்.

சிரித்தாரே தவிர, அவர் கையிலும் குடை மடங்கித்தான் இருந்தது. அவருக்கே அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

கல்லூரி கோட்டை மாதிரி இருந்தது. கல் எல்லாம் கறுத்துப்போயிருந்தது. கல்படிகள் நடுவில் குழிந்திருந்தன. எத்தனையோ நூறு வருசமாகப் படிக்க வந்தவர்கள் மிதித்து மிதித்து அப்படி ஆனது என்றார் சின்னவர். அவர் குழியில் கால் வைத்து ஏறினார். நான் ஓரமாக ஏறினேன்.

அறைக்குள் சொட்டச் சொட்ட நின்றோம். சின்னவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு தட்டுகிற சத்தம். ஒரு வெள்ளைக்காரன் உள்ளே வந்தான். நான் தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூலைக்கு ஓடிக் கைகட்டி நின்றேன். சின்னவரும் துள்ளி எழுந்து, "குட் மார்னிங், சார்" என்றார்.

வந்தவன் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்திருப்பான். யாரும் இல்லை. அப்போதுதான் அவன் கையில் கரி வாளி இருந்ததைக் கண்டேன்.

அவன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "மார்னிங், சார்" என்று சின்னவரிடம் சொல்லிவிட்டு, கணப்புக்கு முன் முழங்கால் போட்டு உட்கார்ந்து நெருப்பு மூட்டினான். வெள்ளைக்காரன் முழங்கால் போட்டு நான் அதுவரை கண்டதில்லை. நன்றாகத்தான் மூட்டினான். அதையும் கண்டேன்.

போகும்போது இரண்டு குடைகளையும் எடுத்துக்கொண்டு போனான். நான் கதவு இடுக்கில் பார்த்தேன். குடையோடு வந்தவர்கள் நனைந்திருந்தால் குடை உடைந்திருக்கவேண்டும் என்று நினைத்தான் போல. படியில் நின்று ஒன்றை விரித்தான். நல்ல குடை. மற்றதையும் விரித்தான். அதுவும் நல்ல குடை. மடக்கி வைத்துக்கொண்டு எங்கள் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கொண்டுவந்து மூலையில் சாத்திவிட்டுப் போனான்.

மறுநாளும் மழை. சின்னவர் வெளியே கிளம்பினார். அவன் படி அடியில் நின்று குடையைத் தானே விரித்து அவர் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து சின்னவர் எவனுக்கும் குடை மடக்கவில்லை. நான் மடக்கிக்கொண்டுதான் நடந்தேன்.

வெளி வேலைக்காரன் கல்லூரிக்குள் தங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். எனக்கு ஊருக்குள் ஒரு வீட்டில் சின்ன அறை பிடித்துக் கொடுத்தார் சின்னவர். காலைச் சாப்பாடு முடிந்த பிறகு உள்ளே வரலாம், இருட்டும் முன் போய்விடவேண்டும். வருவேன். வந்தால் எனக்கு வேலை இருக்காது. படுக்கை விரித்திருக்கும். செருப்பு துடைத்திருக்கும். வெந்நீர் வந்து போயிருக்கும். ராத்திரி மூத்திரச் சட்டியைக்கூட அவனே எடுத்துக் கொட்டிக் கழுவி வைத்திருப்பான்.

இதைத் தோட்டத்துக்குத் திரும்பின பிறகு நாங்கள் குடியிருக்கிற லயத்தில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

"என்னாது, தொரை சட்டி கழுவுனாரா?"

"தொரை இல்ல. வேலக்காரன். வெள்ளக்காரன்."

"வெள்ளக்காரன்னா தொரைதானே? மாரி கப்பல்ல போயி பொய்யி மூட்ட கட்டிக்கிட்டு வந்திருக்கான்டி!"

"அப்ப நம்ம தொரையும் அவுக ஊருல சட்டி கழுவினவரா இருப்பாரோ?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, யாராவது கேட்டார்களா என்று தொரை பங்களாப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அவனைப் பற்றிப் பேசவில்லை.

சின்னவரின் பெட்டியில் இருந்த துணி எல்லாம் நான் மடித்தது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து மழையில் துணி காயாது. எல்லாவற்றையும் புகைவீட்டில் காயவைத்துத்தான் மடித்தேன். அதனால் ஒரு புகை வாசனை இருக்கும். எங்களுக்கு அது வாசனையாகவே தெரியாது. மூன்றாம் நாள் நான் போனபோது சின்னவரின் கோட்டும் சட்டைகளும் பின்பக்கத்து ஜன்னலில் காற்றாடிக்கொண்டிருந்தன.

"என்னங்க சின்னையா இது?"

"புகை நாத்தம் அடிக்குதாம்னு பக்கத்து ரூம்ல பேசிக்கிட்டாங்க மாரிண்ணே. நான் ஒண்ணும் சொல்லல. அவரா எடுத்துத் தொங்கப் போட்டிருக்காரு."

சாயங்காலம் ஒரு சட்டையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் துணி.

சாப்பாட்டிலும் அதே கதை. அவர்கள் சாப்பாடு சின்னவருக்கு இறங்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த எலுமிச்சை ஊறுகாயை ஒளித்து வைத்துத் தொட்டுக்கொண்டார். அந்த ஜாடி ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது. தினமும் நான்தான் மூடியைத் திறந்து கொடுப்பேன். நாலாம் நாள், தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அரைத்த கடுகும், ஒரு சிமிழில் மிளகுத் தூளும் வந்து நின்றன. யாரும் கேட்கவில்லை.

"காரமா இருக்கு மாரிண்ணே! அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னே தெரியல!"

நான் ஜாடியை மூடினேன்.

எனக்குத் தெரிந்த வேலை நெருப்பு. அதையாவது விடக்கூடாது என்று பட்டது. முதல் நாளே, அவன் மூட்டிவிட்டுப் போன பிறகு, நான் இடுக்கியை எடுத்துக் கரியைக் கலைத்து என் கணக்குப்படி அடுக்கினேன். அவன் திரும்பி வந்து அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

இரண்டாம் நாள், சட்டத்தை விட்டுவிட்டு, வேலைக்காரர்கள் நுழைகிற சின்னக் கதவு வழியாக ஏழு அடிக்கக் கால் மணி இருக்கும்போதே போனேன். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஆறே கால். எரிந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் ஆறு மணி. அவன் அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இந்த மனிதன் தூங்குகிறதே இல்லையா என்று நினைத்தேன். எட்டு அறையில் முதல் நெருப்பு சின்னவர் அறையில்தான். மற்ற ஏழு பேரும் குளிரில் கிடந்தார்கள்.

ஐந்தாம் நாள் சின்னக் கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். நல்ல இருட்டு. சுவரோரம் இன்னொரு ஆள் நின்றுகொண்டிருந்தான். அவன்தான். கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் கதவைப் பார்த்தேன். இரண்டு பேர் வாயிலிருந்தும் ஆவி போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மற்ற வேலைக்காரர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கரி அவன் பொறுப்பு என்பதால் அன்றும் அவனே மூட்டினான்.

ஆறாம் நாளும் அப்படியே நின்றோம். ஆனால் அன்று நான் சட்டைக்குள் விறகு வைத்திருந்தேன். நான் தங்கிய வீட்டுப் பின்புறத்தில் பொறுக்கின ஈர விறகு. கதவு திறந்தது. அவன் கரி எடுக்க நிலவறைக்குள் இறங்கவேண்டும். நான் நேராக மாடிக்கு ஓடினேன்.

சின்னவர் தூங்கிக்கொண்டிருந்தார். கணப்பில் பழைய கங்கு கொஞ்சம் கிடந்தது. அதன் மேல் விறகை அடுக்கினேன். சாம்பலால் மூடினேன். புகை போகிற வழியின் தொண்டையில் ஒரு இரும்புத் தகடு இருந்தது. அதைத் திறந்து வைத்து அத்தனை சூட்டையும் அவன் ஆகாசத்துக்கு விடுகிறானே என்று எனக்கு முதல் நாளே ஆத்திரம். கைப்பிடியை இழுத்து மூடினேன். நம்ம புகைவீட்டில் அப்படித்தான். தீ தெரியக்கூடாது.

நல்ல புகை வந்தது. கனமான, மெதுவான புகை. பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு நாளில் அப்போதுதான் எனக்கு மனசு நிறைந்தது. சின்னவர் எழுந்து, "மாரிண்ணே, நம்ம தோட்டத்து வாசனை" என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

சின்னவர் எழுந்தார். இருமினார். மூச்சு முட்டியது. ஜன்னலைத் தேடிப்போய் நாற்காலியில் மோதி விழுந்தார். பக்கத்து அறைகளில் சத்தம் போட்டார்கள். யாரோ கீழே மணி அடித்தார்கள். நான் அவரைத் தூக்கப் போனேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான். ஒரே பார்வை. தகட்டைத் திறந்தான். ஜன்னலைத் திறந்தான். சின்னவரைத் தூக்கி ஜன்னலில் உட்கார வைத்தான். பிறகு என் தோளைப் பிடித்துக் வெறும் கரி வாளி வைக்கிற ஆளுயர மாடத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். கை கடினமாக இருந்தது. அடிக்கவில்லை.

மாடத்துக்குள்ளிருந்து கேட்டேன். கறுப்பு அங்கி போட்ட ஒரு வாத்தியார் வந்து சத்தம் போட்டார். எனக்கு இங்கிலீசு தெரியாது. படிக்கட்டுக்காரன் தாழ்ந்த குரலில் "சார்" என்றான். கொஞ்சம் பேசினான். மறுபடி "சார்" என்றான். வாத்தியார் இன்னும் சத்தம் போட்டார்.

அவர் போன பிறகு சின்னவர் சொன்னார். விடியும் முன் வெளியாள் அறைக்குள் இருந்தது தெரிந்தால் சின்னவரைக் கல்லூரியை விட்டே அனுப்பிவிடலாமாம். தகட்டைத் திறக்க மறந்தது தான்தான் என்று படிக்கட்டுக்காரன் சொல்லிவிட்டானாம். இத்தனை வருசத்தில் அவன் வாங்கின முதல் ஏச்சாம் அது. எல்லா வேலைக்காரர்கள் முன்னாலும் அன்று மறுபடி ஒருதரம் ஏசப்போகிறார்களாம்.

நான் சொல்லியிருப்பேன். நான்தான் செய்தேன் என்று வெளியே வந்து சொல்ல வாய் எடுத்தேன். மாடத்துக் கதவைத் தள்ளவும் செய்தேன். அதற்குள் அவன் சொல்லிவிட்டான். அதிலும் முந்திக்கொண்டான்.

அன்று பகல் முழுக்கச் சுவரைத் துடைத்தோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். புகைக் கறை எனக்குப் பழக்கம். என் பக்கம் சுத்தமாக வந்தது. அவன் வந்து என் சுவரைத் தொட்டுப் பார்த்தான். என் மாதிரியே துணியை மடித்துத் துடைக்க ஆரம்பித்தான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

சாயங்காலம் சின்னவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மாரி, நீ ஊருக்குப் போ."

மாரிண்ணே இல்லை. மாரி.

"ஏங்க சின்னையா?"

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அவருக்கு வேல போயிரும்."

அவனுக்கு வேலை போய்விடும் என்றார். எனக்குப் போனதை அவர் நினைக்கவில்லை. பெரிய கங்காணி சொன்னது ஞாபகம் இருந்தது.

"சரிங்க," என்றேன்.

மறுநாள் நான் கிளம்பும்போது சின்னவருக்குப் பாடம் இருந்தது. அறையிலேயே சொல்லிக்கொண்டார். வாசல் வரை என் தகரப் பெட்டியைத் தூக்கி வந்தது படிக்கட்டுக்காரன். வேண்டாம் என்று இழுத்தேன். விடவில்லை. வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுக் கையை நீட்டினான். நகக்கண்ணில் கரி இருந்தது. என் நகத்திலும் அப்படித்தான் கிடக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது.

நான் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். அவன் கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறக்கினான். இந்த ஆளுக்குக் கைகொடுக்கத் தெரியாது என்று நினைத்திருப்பான். தெரியும். கப்பலில் பார்த்துப் பழகியிருந்தேன்.

நாலு வருசம் கழித்துச் சின்னவர் திரும்பி வந்தார். மேளம், மாலை, பந்தல் எல்லாம் இருந்தது. யட்டியாந்தோட்டைக் கடைவீதியிலிருந்தே ஆட்கள் கூட வந்தார்கள். நான் போகவில்லை. புகைவீட்டில் வேலை இருந்தது. மூன்றாம் நாள் அவரே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி வந்தார். வாசலில் நின்று நன்றாக மூச்சை இழுத்தார்.

"மாரிண்ணே, அப்பா! இந்த வாசன!"

நான் பெட்டி ஒன்றைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"அவரு ஒன்ன விசாரிச்சாரு. நான் கெளம்புறன்னைக்குக்கூட விசாரிச்சாரு."

"யாருங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத."

நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார்.

"ஒரு நாளு கேட்டேன். அந்த மொத வாரம் மட்டும் ஏன் அப்படி இருட்டோட வந்து நின்னீங்கன்னு. என்ன சொன்னாரு தெரியுமா? 'ஒங்க ஆளு கரியக் கலைச்சு அடுக்கினதப் பாத்தேன் சார். எனக்கு இத்தன வருசத்துல தெரியாத அடுக்கு. அவன் முந்திட்டான்னா அப்பறம் எனக்கு இங்க என்ன வேல'ன்னாரு. ராத்திரி தூக்கமே இல்லையாம். பொஞ்சாதி ஏசினாளாம்."

நான் ஒரு விறகை எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறுபடி கீழே போட்டேன்.

"நான் வந்த பெறகு எத்தன மணிக்கு வந்தாருங்க?"

"எப்பயும் போலத்தான். ஏழு மணிக்கு. நாலு வருசமும் ஏழு மணிக்குத்தான்."

அங்கே காலை ஏழு அடிக்கும்போது இங்கே பகல் பன்னிரண்டரை என்றும் சின்னவர் சொன்னார். எங்களுக்கு அது பால் எல்லாம் வந்து சேர்ந்து, ஆட்கள் சோற்றுக்குப் போகிற நேரம். நீயும் போய்ச் சாப்பிடு, நெருப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். நான் போகமாட்டேன். அவர் அங்கே கணப்புக்கு முன் முழங்கால் போட்டு உட்காருகிற நேரத்தில் என் நெருப்பை வேறொருவன் தொட நான் விட்டதில்லை.